காரமடைச் சந்தையில் கறிவேப்பிலைக்கு ஒரு மேசை

எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைக் காய்கறிச் சந்தை ஒன்று ஆரம்பித்து, ஐந்தே வாரத்தில் மூடிவிட்டோம். கவுண்டம்பாளையத்தில் நூற்றிருபது வீடுகள் உள்ள குடியிருப்பு அது. காய் நன்றாகத்தான் இருந்தது, வாங்கவும் ஆள் இருந்தது. முதலில் வந்த ஆறு விவசாயிகளும் ஏழாவதாக ஒருவரை உள்ளே விடமாட்டோம் என்று நின்றார்கள். சமாதானம் பேசப் போன சங்கச் செயலாளர் அதற்குப் பிறகு வாக்கிங் போகும் நேரத்தையே மாற்றிக்கொண்டார். சந்தைக்கு யோசனை சொன்னது நான் என்பதால், லிஃப்ட்டில் பார்ப்பவர்கள் எல்லாம் என்னிடம்தான் காரணம் கேட்டார்கள்.

காரமடையில் ஒன்பது பேரோடு ஆரம்பித்த சந்தை இருபத்தாறு பேராக வளர்ந்திருக்கிறது, புது ஆட்களைக் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அதெப்படி என்று பார்த்துவிட்டு வரக் கிளம்பினேன். இந்த வருஷம் ஆடி மாதம், அடுத்தடுத்து இரண்டு ஞாயிறுகள். ஒரு தடவை போவதாகத்தான் இருந்தேன். ஏன் இரண்டாம் தடவை போக வேண்டியதாயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் ஞாயிறு விடியற்காலை 5.20-க்குக் கவுண்டம்பாளையம் நிறுத்தத்தில் மேட்டுப்பாளையம் பஸ் கிடைத்தது. டிக்கெட் 23 ரூபாய். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் ஜன்னல் வழியாக ஆடிக் காற்று அறைய ஆரம்பித்தது. ஜன்னலோர இருக்கைக்கு ஆசைப்படுபவர்கள் காதுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். 6.05-க்குக் காரமடை. சந்தை அங்கிருந்து தோலம்பாளையம் ரோட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர். நடக்கலாம், ஆனால் காலிப் பையோடு போகும்போது மட்டும். ஆட்டோவுக்கு 60 ரூபாய் கேட்டார்.

"அம்பது வாங்கிக்கோங்களேன்" என்றேன்.

"குடுங்க அம்மணி, நீங்க சொன்னாச் சரிங்க" என்று ஏற்றிக்கொண்டார். இறங்கும்போது என்னவோ எனக்கே ஒரு மாதிரியாக இருந்து அறுபதே கொடுத்தேன். நான் திருநெல்வேலிக்காரி. கோவைக்கு வந்து பதினெட்டு வருஷமாகியும் இந்த மரியாதையை எதிர்த்து நிற்க இன்னும் பழகவில்லை.

சந்தை நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்தில். ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் இடம் முழுக்க அவர்களுக்குத்தான். இரண்டு வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையின் முன்னாலும் விற்பவர் பெயர் வெட்டிய பளபளப்பான எவர்சில்வர் தகடு ஒன்று தொங்குகிறது. காற்றில் அவை மேசைக்காலில் தட்டித் தட்டி, இடமே ஒரு பாத்திரக்கடை மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பீர்க்கங்காய், பாகல், வாழை, தேங்காய், நாட்டுக்கோழி முட்டை எல்லாம் கிடைக்கிறது. இடியாப்பம் மாதிரியான சந்தகையைப் பிழிந்து தேங்காய்ப்பாலோடு தரும் ஒரு மேசையும் உண்டு, தட்டு 40 ரூபாய். நான் அங்கேதான் முதலில் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சந்தையை நடத்துகிறவர் ரத்தினவேல். ஐம்பது வயது இருக்கும். ஊரில் நாலு ஏக்கர் வாழை, பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு ஒர்க்‌ஷாப். அந்தப் பெயர்த் தகடுகள் அவருடைய ஒர்க்‌ஷாப்பில் வெட்டியவை. எங்கள் குடியிருப்புச் சந்தை மூடிய கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வாசல் எடத்தை யாருக்குங்க குடுத்தீங்க?"

"முதல்ல வந்தவங்களுக்கு."

"அங்கதானுங்க தப்பாப் போச்சு" என்றார்.

இந்தச் சந்தையில் வாசலுக்கு நேராக இருக்கும் முதல் மேசை, அதாவது எல்லோர் கண்ணிலும் படும் இடம், எப்போதும் புதிதாக வருபவருக்குத்தான். மூன்று ஞாயிறு அங்கே விற்கலாம். பழைய ஆட்களைத் தேடி வாங்குபவர்கள் உள்ளே வருவார்கள், புது ஆளை யார் தேடப் போகிறார்கள் என்பது அவர் கணக்கு. முதல் நாள் போணியைப் பழைய விற்பனையாளர் ஒருவர்தான் செய்ய வேண்டும். பக்கத்து மேசைக்காரர் தராசு, சில்லறை, கூட்டம் எல்லாவற்றுக்கும் துணை.

மூன்றாவது ஞாயிறு பரீட்சை. புது ஆள் ஒரு மணி நேரம் மேசையை விட்டுப் போய்விட வேண்டும். அந்த நேரத்தில் வாங்க வருபவர்களில் மூன்று பேராவது, "இந்த மேசைக்காரர் எங்கே?" என்று கேட்டால் அவருக்கு நிரந்தர இடம், பெயர் போட்ட தகடு. யாரும் கேட்கவில்லை என்றால் ஆறு மாதம் கழித்து வேறு எதையாவது கொண்டு வரலாம். வாங்குபவர்களுக்கு இந்த விதி தெரியாது. தூண்டிவிடக் கூடாது, கண் காட்டக் கூடாது, என்னைப் போல வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கேட்டால் செல்லாது.

"நறுக்குன காய் பாக்கெட் போட்டுக் கொண்டாந்தாருங்க ஒருத்தர். ஒரு ஆளு கேக்கலை. இப்ப அவரே தேங்காயோட வந்து ஒம்பதாம் மேசையில இருக்கறாரு" என்று காட்டினார். அந்தத் தேங்காய்க்காரர் எனக்குக் கையாட்டினார். தோற்றவர் முகத்தில் அவ்வளவு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு வாசல் மேசையில் இருந்தவர் ஜெசிந்தா. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவருக்கு அது இரண்டாவது ஞாயிறு. மேசையில் இரண்டு பிளாஸ்டிக் கிரேட் நிறையக் கறிவேப்பிலை, வேறொன்றும் கிடையாது. ஒரு கட்டு பத்து ரூபாய்.

தமிழ்நாட்டில் எந்தக் காய்கறிக் கடையிலும் கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்க யாருக்கும் மனசு வராது. அது கொசுறு. காய் வாங்கினால் கடைக்காரர் ஒரு கொத்து போட வேண்டும், போடாவிட்டால் நாம் கேட்போம், அதற்கும் போடாவிட்டால் அடுத்த வாரம் கடையை மாற்றுவோம். அதிலும் காரமடை. சுற்றிலும் கறிவேப்பிலைத் தோட்டம்.

நான் ரத்தினவேலிடம் நேராகவே கேட்டேன். "கறிவேப்பிலை இங்க விலைபோகாதுன்னு அவங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

அவர் தலையைச் சொறிந்தார். "எப்பிடிங்க சொல்றது? ஆசையா வந்து கேக்கறாங்க. கொண்டாங்க பாக்கலாம்னு சொல்லிப்போட்டேன். மத்த மேசைக்காரங்ககிட்டக் கேட்டா அவுங்களும் கொண்டாங்கன்னு சொல்லிப்போட்டாங்க."

இருபத்தாறு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் வாயிலிருந்துகூட 'வேண்டாம்' வரவில்லை. எங்கள் ஊராக இருந்தால் முதல் ஆளே சொல்லியிருப்பார், அடுத்த ஆள் அதற்குச் சிரித்தும் இருப்பார். ஜெசிந்தாவுக்கு வீண் அலைச்சல் மிச்சமாகியிருக்கும். எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

ஜெசிந்தாவிடம் பேசினேன். முக்கால் ஏக்கர் தோட்டம். இத்தனை வருஷமும் மொத்த வியாபாரிக்கு விட்டிருக்கிறார்கள். வியாபாரி கேட்கிற பளபளப்புக்கு வாரா வாரம் மருந்தடிக்க வேண்டும். அடித்தது அவர் கணவர்.

"அடிச்சடிச்சு அவருக்கு நெஞ்சு இளுக்குதுங்க்கா. மருந்தில்லாமப் பண்ணி ஒண்ணரை வருசமாச்சு. இங்க எடம் கெடைச்சா இதையே பண்ணலாம். இல்லீன்னா வர்ற மாசம் தோட்டத்தைப் பழையபடி வியாபாரிக்கே விட்டரோணும். மறுபடி அவர்தான் மருந்து டேங்கை முதுகுல மாட்டோணும்" என்றார். அதைச் சொல்லும்போதும் ஒரு கட்டை எடுத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்.

அதற்கு முந்தின ஞாயிறு, அவருடைய முதல் நாளில், வாங்கியவர்கள் பெரும்பாலும் மற்ற மேசைக்காரர்கள்தான். அதனால் இந்த ஞாயிறு எல்லோரும் கூடிப் பேசி, இனி யாரும் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுவதில்லை, கேட்டால் வாசல் மேசையைக் காட்டுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். அன்றைக்கு ஒருவர் மேசையிலும் கறிவேப்பிலை கிடையாது. நல்ல முடிவு. ஏழு இருபது வரை நின்றது.

ஏழு இருபதுக்கு ஜெசிந்தா சேலையைச் சரி செய்துகொண்டு பூசைக்குக் கிளம்பினார். அவர்கள் மாதா கோயிலில் ஞாயிறு ஏழரைக்கு ஒரே பூசைதான், திரும்பி வர எட்டே முக்கால் ஆகும். பக்கத்து மேசை பொன்னுசாமி, அறுபது வயது, தக்காளி, "போயிட்டு வா கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றார். தன் மேசையை அவர் மேசையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

தக்காளி கிலோ முப்பது. நல்ல கூட்டம். பொன்னுசாமி நிறுப்பார், பையில் கொட்டுவார், காசை வாங்குவார், பிறகு அவர் இடது கை தானாகப் பக்கவாட்டில் போய் ஒரு கொத்தை எடுத்துப் பையின் மேல் வைக்கும். நாற்பது வருஷப் பழக்கம். முகம் அடுத்த ஆளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும். என் பையிலும் வைத்தார். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். இவ்வளவையும் பேசிவிட்டு வந்த எனக்கே அது உறைக்கவில்லை. கடைகளில் கொசுறு வாங்கி வாங்கி என் கைக்கும் அதே பழக்கம்.

எட்டே முக்காலுக்கு ஜெசிந்தா வந்தார். இரண்டு கிரேட்டும் காலி. முகம் அப்படியே பூரித்துப் போனது.

"எல்லாமே வித்துருச்சுங்களாண்ணா?"

பொன்னுசாமி கிரேட்டைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "அய்யோ கண்ணு" என்றார். "குடுத்துப்போட்டேனே."

"யாருக்குங்க?"

"எல்லாத்துக்கும்."

ஜெசிந்தா கிரேட் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். "பரவாயில்லீங்கண்ணா" என்றார். பதினெட்டு வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது, கோவைப் பக்கம் 'பரவாயில்லீங்க' என்று ஒருவர் இவ்வளவு மெதுவாகச் சொன்னால் மனசு நொறுங்கிப் போயிருக்கிறது என்று அர்த்தம். பொன்னுசாமி பணம் எடுத்து நீட்டினார், அவர் வாங்கவில்லை. ஒரு கூடைத் தக்காளியை ஜெசிந்தாவின் டிவிஎஸ் வண்டியில் வைத்துக் கயிற்றால் கட்டிவிட்டு, மறுபடி மறுபடி முடிச்சைச் சரி பார்த்துக்கொண்டே நின்றார். நான் பத்தேகால் பஸ்ஸைப் பிடித்து வீடு வந்தேன். கொசுறு வாங்கிய குற்ற உணர்ச்சி துடியலூர் வரை கூடவே வந்தது.

அன்றைக்கு மதியம் ரசத்துக்குத் தாளித்தேன். கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்ததும் ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வந்து, என்ன செய்கிறாய் என்று கேட்டார். வெறும் ரசம்தான். மிச்சத்தைச் செய்தித்தாளில் சுற்றி வைத்தேன், சனிக்கிழமை வரை ஒரு இலைகூடக் கறுக்கவில்லை. அப்போதே முடிவு செய்துவிட்டேன், மறுநாள் மறுபடி காரமடை. இந்த முறை பஸ் 5.35-க்குத்தான் வந்தது, ஆட்டோவில் பேரம் பேசவில்லை.

ஜெசிந்தாவுக்கு மூன்றாவது ஞாயிறு. ஜெசிந்தா ஏழு இருபதுக்குப் பூசைக்குக் கிளம்பியதும், பரீட்சை ஆரம்பம் என்று ரத்தினவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாக் கறிவேப்பிலையையும் மேசைக்கு அடியில் வைத்து ஈரச் சாக்கால் மூடியாயிற்று. மேசை வெறுமையாக இருந்தது. பொன்னுசாமி தன் மேசையை நான்கடி தள்ளிப் போட்டுக்கொண்டு, இடது கையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வலது கையால் மட்டும் தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தார்.

ஏழரை, யாரும் கேட்கவில்லை. ஏழே முக்காலுக்கு ஹெல்மெட்டைக் கையில் பிடித்த ஒரு இளைஞர் வந்து காலி மேசையைப் பார்த்தார், ஓரமாக நின்றுகொண்டார். அடுத்து ஒரு அம்மா, துணிப் பையோடு. அவரும் நின்றார். எட்டு மணிக்குள் ஏழெட்டுப் பேர் அந்த மேசைக்கு முன்னால் நின்றார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு ஐந்து நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. அவர்கள் எல்லோரும் ஜெசிந்தாவுக்காகத்தான் நிற்கிறார்கள். ஆனால் விற்பவர் இல்லாத நேரத்தில் அவரைப் பற்றி விசாரித்தால் அவசரப்படுத்துவது போலாகுமோ, பக்கத்துக் கடைக்காரரைத் தொந்தரவு செய்வதாகுமோ என்று மரியாதையாக நிற்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஊரில், வேண்டும் என்று கேட்கவும் தெரியவில்லை. நானே கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ரத்தினவேல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

எட்டேகாலுக்குத் துணிப் பை அம்மா பொன்னுசாமியை நோக்கி இரண்டடி நகர்ந்தார். எல்லா மேசைகளிலும் தராசு நின்றது.

"ஏனுங்க" என்றார் அந்த அம்மா.

"சொல்லுங்க அம்மணி" என்றார் பொன்னுசாமி.

"மணி என்னாச்சுங்க?"

பொன்னுசாமி மணி சொன்னார். அந்த அம்மா பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டார். தேங்காய்க்காரர் தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர், இந்தக் காற்றுக்கு மழை வருமா என்று ரத்தினவேலிடமே கேட்டார். "வராதுங்க" என்று அவர் சொன்ன விதத்தில் மழைக்கே ரோஷம் வந்திருக்கும். எட்டு இருபதுக்கு நேரம் முடிந்தது. ஒருவரும் கேட்கவில்லை. யாரும் நகரவும் இல்லை.

எட்டே முக்காலுக்கு ஜெசிந்தா வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். அவர் கண் முதலில் ரத்தினவேல் முகத்துக்குத்தான் போனது. அவர் குனிந்துகொண்டார். பிறகுதான் ஜெசிந்தா மேசையைப் பார்த்தார். முன்னால் பதினாலு பேர், வரிசையாக.

"ஏனுங்க, எல்லாரும் நிக்கறீங்க?"

துணிப் பை அம்மா சொன்னார்: "போன வாரம் தக்காளியோட ஒரு கொத்து வந்துச்சுங்க. ஊட்டுல எல்லாரும் அதையே கேக்கறாங்க. பக்கத்து ஊட்டுல கேட்டதுக்கு, வாசல் மேசையில ஒரு அக்கா வெச்சிருக்காங்கன்னாங்க. அதான் நின்னோமுங்க."

"எத்தனை நேரமா?"

"அது இருக்கும் முக்கால் மணி. பரவாயில்லீங்க, நீங்க மெதுவா வாங்க."

ரத்தினவேல் தொண்டையைச் செருமினார். விதியை விதியாகப் பார்க்கும் மனிதர். "ரூல்ஸ்படி பாத்தா யாரும் கேக்கலீங்களே" என்று இழுத்தார்.

பொன்னுசாமி வேட்டி மடிப்பிலிருந்து இடது கையை உருவினார். "கால் கடுக்க முக்கால் மணி நேரம் நின்னதுக்கு மேல என்னங்க கேக்கோணும்?"

ரத்தினவேல் அவரைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். தன் வண்டிக்குப் போய் செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து ஜெசிந்தா கையில் கொடுத்தார். பிரித்தால் தகடு. ஜெசிந்தா என்று வெட்டியது. ஒரு வாரத்துக்கு முன்பே வெட்டி வைத்திருக்கிறார் மனிதர்.

"இடம் கிடைக்காமப் போயிருந்தா இதை என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"எஸ்.எஸ். தானுங்க, துருப் பிடிக்காது. ஆறு மாசம் கழிச்சு வேற என்னமாச்சும் கொண்டாந்தா ஆவும்" என்றார்.

ஜெசிந்தா தகட்டை முந்தானையால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு கணவருக்குப் போன் போட்டு, "அந்த டேங்கைக் கழுவி யாருக்காச்சும் குடுத்துருங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கென்ன. வரிசையில் பதினைந்தாவது ஆளாக நின்று மூன்று கட்டு வாங்கினேன். காசு கொடுத்துத்தான்.

எங்கள் குடியிருப்பில் வரும் ஆவணியில் சந்தையை மறுபடி ஆரம்பிக்கிறோம். வாசல் இடம் புது ஆளுக்கு. பழைய ஆறு பேரிடமும் பேசியாயிற்று, நாலு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் பார்க்கலாம் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் அவர்களையும் கூப்பிட்டிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். சந்தை ஞாயிறுதோறும் ஆறு முதல் பத்து வரை. பெரிய முகூர்த்த ஞாயிறுகளில் மண்டபத்தில் கல்யாணம் இருக்கும், அன்று சந்தை கிடையாது, காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பஸ், ஆட்டோ, சந்தகை எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்குப் போகவர இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். சந்தகை எட்டரைக்குத் தீர்ந்துவிடுகிறது. துணிப் பை கட்டாயம். பொன்னுசாமியிடம் தக்காளி வாங்கினால் இப்போது நாலு பச்சை மிளகாய் கொசுறு போடுகிறார். மிளகாய் விற்க யாராவது புதிதாக வந்தால் என்ன செய்வாரோ தெரியாது.

கறிவேப்பிலை பத்தொன்பதாம் மேசை. ஏழு இருபதிலிருந்து எட்டே முக்கால் வரை அங்கே ஆள் இருக்காது, பூசைக்குப் போயிருப்பார். அந்த நேரத்தில் போனால் பக்கத்தில் யாரிடமாவது வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் சும்மா நில்லுங்கள். அந்தச் சந்தையில் அதுவும் செல்லும்.